பொட்டலத்தில் ஒளிந்திருக்கும் உப்பும் சர்க்கரையும்

தில்லியின் பழைய ராஜேந்தர் நகரிலும் முகர்ஜி நகரிலும் தங்கி, குடிமைப் பணித் தேர்வுக்குத் தயாராகும் இளைஞர்களில் தமிழகத்தைச் சேர்ந்தவர்களும் உண்டு. 2018-இல் தொடங்கப்பட்ட போஷண் அபியான் திட்டத்தின் நோக்கங்கள் அவர்களுக்கு மனப்பாடம். ஆனால், இரவுப் பசிக்குப் பிரிக்கும் நூடுல்ஸ் பொட்டலத்தில் எவ்வளவு உப்பு இருக்கிறது என்று கேட்டால் பதில் கிடைப்பது அரிது.

படித்த இளைஞர்களுக்கே உணவு பற்றிய அறிவு இல்லை என்று குறை கூறுவது எளிது. அது முழு உண்மையல்ல. பொட்டலத்தின் பின்புறம் பொடி எழுத்தில் அச்சிடப்படும் அட்டவணை, படிப்பதற்காகத் தயாரிக்கப்பட்டதாகவே தெரியவில்லை. உப்பு அங்கே "சோடியம்' என்ற பெயரில், மில்லிகிராம் கணக்கில் இருக்கிறது. 1,000 மில்லிகிராம் சோடியம் என்றால் இரண்டரை கிராம் உப்பு. ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதாவது, ஒரு நாள் அளவில் பாதி ஒரே பொட்டலத்தில் தீர்ந்துவிடக்கூடும்.

குளிர்பானமும் அப்படியே. 100 மில்லிக்கு 10 கிராம் சர்க்கரை என்பது சிறிய எண்ணாகத் தோன்றும். 600 மில்லி பாட்டிலைக் குடித்து முடிப்பவர் 60 கிராம், அதாவது சுமார் 12 தேக்கரண்டி சர்க்கரையை உட்கொள்கிறார் என்பதை யார் கணக்கிடுகிறார்கள்?

இதில் மொழிச் சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. இந்த விவரங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி எழுத்தில் ஹிந்தியிலோ இருந்தால் போதும் என்பதே விதி. தமிழ் மட்டுமே அறிந்தவருக்கு, தான் உண்பது என்ன என்பதைத் தன் மொழியில் அறியும் உரிமை சட்டத்தில் உறுதி செய்யப்படவில்லை.

இரட்டைச் சுமை

2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 24 சதவீதம் பேரும் ஆண்களில் 22.9 சதவீதம் பேரும் அதிக எடை அல்லது உடல் பருமன் உள்ளவர்கள். அதே ஆய்வில் 57 சதவீதப் பெண்களுக்கு ரத்த சோகை. வயிறு நிறைகிறது, உடலுக்கு வேண்டியது கிடைக்கவில்லை. நாட்டின் மொத்த நோய்ச் சுமையில் 56.4 சதவீதத்துக்குத் தவறான உணவு முறையே காரணம் என்று 2024-இல் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் வழிகாட்டி நெறிமுறைகள் மதிப்பிட்டன.

அரசு இதை அறியாமல் இல்லை. பொட்டலத்தின் முன்புறத்தில் நட்சத்திரக் குறியீடு இட வகை செய்யும் வரைவை 2022 செப்டம்பரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்டது. சர்க்கரை மிகுந்த பண்டத்திலும் சிறிது நார்ச்சத்தையோ பருப்பையோ சேர்த்தால் நட்சத்திரம் கூடும் என்ற எதிர்ப்பு எழுந்தது; வரைவு நடைமுறைக்கு வரவில்லை. மூன்று மாதங்களில் பரிந்துரை அளிக்குமாறு 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்தக் கெடுவும் பின்னர் நீட்டிக்கப்பட்டது.

வரி விதிப்பிலோ முரண்பாடு. மிகையாகப் பதப்படுத்தப்பட்ட உணவுகளுக்குக் கூடுதல் வரி விதிப்பது பற்றி 2025 ஜனவரியில் பொருளாதார ஆய்வறிக்கை பேசியது. அதே ஆண்டு செப்டம்பரில் பிஸ்கட், சாக்லேட், நூடுல்ஸ் ஆகியவற்றின் ஜி.எஸ்.டி. 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. நடுத்தரக் குடும்பங்களின் செலவு குறைந்தது உண்மைதான். ஆனால், ஓர் அமைச்சகத்தின் எச்சரிக்கையை அதே அமைச்சகம் முன்னின்று எடுத்த முடிவே வலுவிழக்கச் செய்ததும் உண்மை.

எச்சரிக்கைக் குறி வந்தால் ஊறுகாய், அப்பளம், மிக்சர் தயாரிக்கும் சிறு தொழில்கள் நசிந்துவிடும் என்ற வாதம் புறக்கணிக்கத்தக்கதல்ல. சிறு தயாரிப்பாளர்களுக்குக் கால அவகாசமும் விலக்கும் அளிக்கலாம். அவர்களைக் கேடயமாக்கிப் பெரு நிறுவனங்கள் தப்பிக்க இடம் தரக் கூடாது. "உப்பு அதிகம்', "சர்க்கரை அதிகம்' என்பது தடை அல்ல, தகவல்.

சிலி நாடு 2016-லேயே கருநிற எண்கோணக் குறியைக் கட்டாயமாக்கியது. எழுத்து தெரியாதவர்க்கும் சைவ உணவை அடையாளம் காட்டும் பச்சைப் புள்ளியை நடைமுறைப்படுத்திய நாடு இது. சிகரெட் பெட்டியின் 85 சதவீதப் பரப்பில் எச்சரிக்கை இடச் செய்த நாடும் இதுவே. முடியாத காரியம் அல்ல.

கல்லூரி உணவகங்களில் நொறுக்குத்தீனி விற்பனையைத் தடுக்குமாறு பல்கலைக்கழக மானியக் குழு 2016-இலும் 2018-இலும் சுற்றறிக்கை அனுப்பியது. ஒரே அறிவுரையை இரண்டாம் முறை கூற நேர்ந்ததே அதன் பலனைச் சொல்லும்.

2006-இல் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது நாடாளுமன்றம். அதன்கீழ் வகுக்கப்படும் ஒழுங்குமுறைகள் இரு அவைகளிலும் வைக்கப்பட வேண்டும். அவற்றைத் திருத்தும் அதிகாரமும் அவைகளுக்கு உண்டு. வரைவு ஏன் ஆண்டுக்கணக்கில் தேங்கியது, குறியீடு மாநில மொழிகளில் ஏன் இருக்கக் கூடாது என்று கேட்க வேண்டியவர்கள் உறுப்பினர்கள். தமிழக உறுப்பினர்கள் அதில் முன்னிற்கலாம். இளைஞர்களுக்கு உபதேசம் செய்வதற்கு முன், அவர்கள் கையிலுள்ள பொட்டலம் உண்மையைச் சொல்லட்டும்.