முகாம் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழக வாசல்: குறிஞ்சிப்பாடியிலிருந்து ஒரு கோரிக்கை மனு

அனுப்புநர்: குறிஞ்சிப்பாடி வட்டாரப் பெற்றோர் ஆசிரியர் சங்க நிர்வாகிகள்.

பெறுநர்: ஆணையர், அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத் துறை, சென்னை, துணைவேந்தர், அண்ணாமலைப் பல்கலைக்கழகம், மாவட்ட ஆட்சியர், கடலூர்.

பொருள்: இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் மாணவர்கள், ஆய்வாளர்கள், ஆசிரியர்களுக்குப் பல்கலைக்கழகச் சேர்க்கையிலும் பணியிலும் உள்ள தடைகளை நீக்குதல்.



அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1931இல் தமிழுக்கு முதல் பேராசிரியராக அமர்த்தியது கிழக்கிலங்கைக் காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தரை. பின்னாளில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவாக முன்னின்ற இலங்கைத் தமிழர் தனிநாயகம் அடிகளும் அங்கேதான் தமிழ் படித்தார். இருவரிடமும் எந்த நாட்டவர் என்ற கேள்வி தடையாக எழவில்லை. அந்தப் பல்கலைக்கழகம் அமைந்துள்ள கடலூர் மாவட்டத்தில், குறிஞ்சிப்பாடி வட்டாரத்து அம்பலவாணன்பேட்டை முகாமில் வளரும் பிள்ளைக்கோ விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே அந்தக் கேள்வி வந்து நிற்கிறது.

இலங்கையில் தமிழருக்கு எதிராக நடந்த 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் தமிழகக் கரையேறியவர்கள் மூன்று லட்சத்துக்கும் மேல். பலர் திரும்பினர், பலர் வேறு நாடுகளுக்குப் போயினர். 2021 ஆகஸ்டில் அரசு வெளியிட்ட கணக்குப்படி 108 முகாம்களில் 58,822 பேரும், காவல் நிலையப் பதிவுடன் வெளியே 34,087 பேரும் இருந்தனர். அப்போதுதான் ரூ.317.40 கோடியில் நலத்திட்டங்கள் அறிவிக்கப்பட்டன. ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரும் ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாறியது. பொறியியல் படிப்பில் தேர்வாகும் முதல் 50 மாணவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்றது. இவற்றுக்கெல்லாம் சங்கம் மனமார நன்றி சொல்கிறது.

ஆனால் பணம் மட்டுமே தடையாக இருந்ததில்லை.

சேர்க்கைப் படிவத்தில் மாணவர் இந்தியராக இருக்க வேண்டும், இல்லையேல் வெளிநாட்டவராக இருக்க வேண்டும். முகாம் பிள்ளையிடம் இந்தியக் குடியுரிமையும் இல்லை, இலங்கைக் கடவுச்சீட்டும் இல்லை. வெளிநாட்டவர் என்று குறித்தால் கடவுச்சீட்டும் மாணவர் விசாவும் கேட்கப்படும். கட்டணமும் பல மடங்கு. இந்தக் குடியுரிமைச் சிக்கலால்தான் மருத்துவப் படிப்பு முகாம் பிள்ளைகளுக்கு எட்டாக்கனியாகவே இருக்கிறது. 1991இல் ராஜீவ் காந்தி கொலைக்குப் பின் நிறுத்தப்பட்ட கல்விச் சலுகைகள் 1996இல்தான் திரும்பக் கிடைத்தன. அந்த ஐந்து ஆண்டுகளில் பள்ளி முடித்தவர்கள் இழந்த படிப்பை யாராலும் ஈடுகட்ட முடியவில்லை. இனியொரு தலைமுறைக்கு அது நேரக்கூடாது என்பதே சங்கத்தின் கவலை.

இந்தப் பிள்ளைகளில் மிகப் பலர் இங்கேயே பிறந்தவர்கள். 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்கு இந்தியக் கடவுச்சீட்டு வழங்குமாறு 2022இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. 1987 ஜூலை 1 முதல் பிறந்தவர்களுக்கு, இங்கே பிறந்ததால் மட்டுமே குடியுரிமை பெறும் அந்த வழி சட்டத்தில் இல்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டமும் இலங்கைத் தமிழரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. குடியுரிமை தருவது ஒன்றிய அரசின் கையில் இருக்கலாம். ஒரு விண்ணப்பப் படிவத்தைத் திருத்துவது பல்கலைக்கழகத்தின் கையில்தான் இருக்கிறது.

அகதியாக வந்த அறிஞர்களுக்குக் கைகொடுப்பது புதிதல்ல. புலம்பெயர்ந்த அறிஞர்களைக் காக்க 1933இல் லண்டனில் தொடங்கிய உதவி மன்றம் இன்றும் இயங்குகிறது. நம் பக்கத்திலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. ஹிட்லர் ஆட்சியில் பதவி பறிபோன இயற்பியலாளர் மாக்ஸ் போர்னை 1935இல் சர் சி.வி.ராமன் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்கு அழைத்து வந்தார். நிரந்தரப் பேராசிரியர் பதவி வாங்கித்தர அவர் செய்த முயற்சி அங்கே எழுந்த எதிர்ப்பால் கைகூடவில்லை. போர்ன் எடின்பரோ போனார். 1954இல் நோபல் பரிசு பெற்றார். இழப்பு பெங்களூருக்குத்தான்.

எனவே சங்கம் முதன்மையாகக் கேட்பது இது: விண்ணப்பத்தில் ‘பதிவு பெற்ற இலங்கைத் தமிழர்’ என்று தனிப் பிரிவு வேண்டும், முகாம் அடையாள அட்டையோ காவல் நிலையப் பதிவோ போதிய சான்றாக ஏற்கப்பட வேண்டும், கட்டணம் தமிழக மாணவருக்கு உள்ளதே இருக்க வேண்டும். முகாமுக்கு வெளியே வாழும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கும் உதவித்தொகை நீள வேண்டும். முகாமில் இருப்போரை அதிகாரிகள் நேரில் சரிபார்க்கும் தணிக்கையும் பருவத் தேர்வும் ஒரே நாளில் வந்தால் மாணவர் தவிக்காதபடி வட்டாட்சியர் அலுவலகத்துடன் பேசித் தீர்க்க, பல்கலைக்கழகத்தில் ஓர் அலுவலர் பொறுப்பேற்க வேண்டும். போரில் சான்றிதழ் தொலைத்தவர்களை யாழ்ப்பாணத்துக்கு அலைய விடாமல், பல்கலைக்கழகமே அங்குள்ள பல்கலைக்கழகத்துக்கு எழுதிச் சரிபார்க்கலாம். பொறியியல் பட்டம் பெற்றவர்கள் பெயின்ட் அடிக்கும் வேலைக்குப் போவதை முகாம்களில் எல்லோரும் அறிவர். தகுதியுள்ளோருக்கு ஆய்வு உதவித்தொகையும் கௌரவ விரிவுரையாளர் வாய்ப்பும் தர வேண்டும். மருத்துவச் சேர்க்கைக்கு விலக்கு கேட்டு ஒன்றிய அரசைத் தமிழக அரசு வலியுறுத்த வேண்டும்.

2030க்குள் அகதி இளைஞர்களில் நூற்றுக்கு 15 பேரையாவது உயர்கல்விக்குள் கொண்டுவருவது ஐ.நா. அகதிகள் முகமையின் இலக்கு. அதற்கு எஞ்சியுள்ள சேர்க்கைப் பருவங்கள் சிலவே. ஆகவே, வரும் கல்வியாண்டுக்கான விண்ணப்பம் வெளியாகும் முன்பே உரிய ஆணைகளைப் பிறப்பிக்குமாறும், முகாம் பெற்றோரையும் மாணவரையும் நேரில் அழைத்து அவர்கள் சொல்வதைக் கேட்குமாறும் சங்கம் பணிவுடன் வேண்டுகிறது.