‘ஒபிஸ் போட்டுத்தான் தாறம்’

புதுசா ஒரு லப்டொப் வாங்கப் போனால், காசு கட்டி முடிந்த பிறகு கடை அண்ணா ஒரு வசனம் சொல்லுவார்: “தம்பி, யோசிக்காதேங்கோ. ஒபிஸ் எல்லாம் போட்டுத்தான் தாறம்.” நாங்களும் தலையாட்டிவிட்டு வருவோம். எங்கட குழுவில் இந்த வசனத்துக்குத் தலையாட்டாத ஆள் ஒருத்தரும் இல்லை. அப்பா சீட்டு எடுத்து, அக்கா சம்பளத்தில் மிச்சம் பிடித்து, வெளிநாட்டிலிருக்கிற மாமா கொஞ்சம் அனுப்பி வாங்கின சாமான் அது. ரேம் எவ்வளவு, பற்றரி எத்தனை மணித்தியாலம் நிற்கும் என்றெல்லாம் துருவித் துருவிக் கேட்ட நாங்கள், உள்ளே என்ன மென்பொருள் போடுகினம், அது எவ்வளவு காலத்துக்கு வேலை செய்யும் என்று மட்டும் கேட்கவில்லை.

அதைக் கேட்காததால் என்ன நடக்கும் என்பதை எங்களில் ஒருத்தி கம்பஸ் முதலாம் வருடத்தில் அனுபவித்தாள். கலைப்பீடத்தில் தமிழில் செய்ய வேண்டிய குழுப் பிரசென்டேசன். ஐந்து பேர் ஆளுக்கு மூன்று ஸ்லைட்டாகப் பிரித்துச் செய்து, எல்லாவற்றையும் இவளுடைய வீட்டு லப்டொப்பில் சேர்த்தார்கள். முதல் நாள் இரவு கடைசி ஸ்லைட்டைத் திருத்த இருந்தபோது, பவர்பொயின்ட்டின் மேலே சிவப்புப் பட்டி ஒன்று வந்தது. உரிமம் இல்லையாம். திறந்து பார்க்கலாம், ஒரு எழுத்தும் மாற்ற ஏலாது. சரி, உள்ளதைக் காட்டுவம் என்று பென் டிரைவில் போட்டுக்கொண்டு போனாள். ஹோலில் இருந்த கொம்பியூட்டரில் திறந்தால், பாதி ஸ்லைட்டுகளில் தமிழே இல்லை. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து ஏதோ ஒரு மொழி திரையில் நின்றது. குழுவில் இரண்டு பேர் பாமினியில் தட்டியிருந்தார்கள்; அந்த மெசினில் பாமினி இல்லை. கையிலிருந்த பேப்பரைப் பார்த்து வாசித்து முடித்துவிட்டு வந்து இருந்தாள்.

இது அவளுடைய கவலையீனம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் எங்களில் முக்கால்வாசிப் பேரின் வீட்டு மெசின் இப்போதும் அதே நிலையில்தான் இருக்கிறது. ஆகவே, வீட்டுக்கு ஒரு புதுக் கணினி வந்தால் பிரசென்டேசன் செய்ய எதைப் போடுவது என்று நாங்கள் இருந்து கதைத்தோம். எங்கட முடிவு இதுதான்: கடைக்காரர் போட்டுத் தருகிற கிராக் வேண்டாம். வீட்டு மெசினில் லிப்ரே ஒபிஸ் இருக்கட்டும். ஏன் என்பதைச் சொல்லுறம்.

முதலில் கிராக். அதைப் போடுவதற்காக வைரஸ் காவலை நிறுத்தி வைப்பார்கள். யார் செய்தது என்று தெரியாத ஒரு நிரல், அந்த மெசினில் எல்லாம் செய்யக்கூடிய அதிகாரத்தோடு ஓடும். அதே மெசினில்தான் அம்மா வங்கிக் கணக்கைத் திறக்கிறா, தம்பி அடையாள அட்டையை ஸ்கேன் பண்ணி அனுப்புறான். சட்டமும் இருக்கு: 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களுக்கும் பதிப்புரிமைப் பாதுகாப்புக் கொடுக்குது. வீட்டு வாசலில் வந்து ஒருத்தரும் பிடிக்கப் போவதில்லை என்பது எங்களுக்கும் தெரியும். எங்கட பயம் வேறு. ஒரு அப்டேட்டோடு எந்த நாளும் நின்றுபோகக்கூடிய ஒன்றில் பிள்ளையின் சோதனை வேலையை வைத்திருக்கிறோம். நின்றுபோனால் கேட்பதற்கும் ஒருத்தரும் இல்லை. கடையில் கேட்டால் “கொண்டு வாங்கோ, திருப்பிப் போட்டுத் தாறன்” என்பார்கள்.

அப்ப காசு கொடுத்து வாங்கலாமே? வாங்கலாம். மைக்ரோசொப்ட் ஒபிஸை வருடச் சந்தாவாகவும் எடுக்கலாம், ஒரே தடவை காசு கட்டியும் எடுக்கலாம். குடும்பச் சந்தாவை ஆறு பேர் வரை பகிரலாம் என்பதால், பெரியம்மா வீட்டையும் சேர்த்துக்கொண்டால் தலைக்குக் குறையும். ஆனால் சந்தா என்பது வருடாவருடம் வருகிற செலவு. 2022 இல் மார்ச் மாதத் தொடக்கத்தில் 200 ரூபாவைச் சுற்றி நின்ற டொலர், மே மாதமளவில் 360 ஐத் தொட்டதை நாங்கள் பார்த்தோம். பால்மாவுக்கும் காஸுக்கும் வரிசையில் நின்ற ஒரு வீட்டில் மென்பொருள் சந்தா எத்தனையாவது இடத்தில் நிற்கும்? சந்தா முடிந்தால் பழைய பைல்களைத் திறந்து பார்க்கலாம், பிரின்ட் எடுக்கலாம், திருத்த ஏலாது. சில புது மெசின்களோடு வருகிற இலவசக் காலம் முடிந்தாலும் இதே கதைதான்.

காசில்லாமல் பிரவுசரில் செய்கிற வழியும் இருக்கு. மைக்ரோசொப்ட் கணக்கு ஒன்று திறந்தால் பவர்பொயின்ட்டின் வெப் வடிவம் இலவசம், 5 ஜிபி இடமும் கிடைக்கும். கூகுள் ஸ்லைட்ஸும் இலவசம். ஜிமெயில், போட்டோ எல்லாவற்றுக்கும் சேர்த்து 15 ஜிபி. குழு வேலைக்கு இதைவிட வசதி இல்லை. ஐந்து பேரும் ஒரே நேரத்தில் ஒரே பைலில் எழுதலாம், “கடைசியா யார் அனுப்பினது சரியான பைல்?” என்ற வட்ஸ்அப் சண்டை வராது. கம்பஸ் மெயில் உள்ளவர்கள் அதோடு ஒபிஸ் கிடைக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கோ. ஆனால் இதற்கெல்லாம் டேட்டா வேண்டும். ரீலோட் முடிந்த இரவில் உங்கட பிரசென்டேசன் வேறு ஒரு நாட்டில் இருக்கும், நீங்கள் சுன்னாகத்திலோ செட்டிகுளத்திலோ இருப்பீர்கள். கூகுளில் ஓப்லைன் வசதி உண்டு. ஆனால் அதை இணைப்பு இருக்கும்போதே போட்டு வைத்திருக்க வேண்டும்.

ஆகவேதான் லிப்ரே ஒபிஸ். கிட்டத்தட்ட 350 எம்பி, ஒரு தடவை டவுன்லோட் பண்ணினால் போதும். பிறகு இணையமும் வேண்டாம், கணக்கும் வேண்டாம், காலாவதியும் இல்லை. வேர்ட்டுக்கு ரைட்டர், எக்செலுக்கு கல்க், பவர்பொயின்ட்டுக்கு இம்ப்ரெஸ். மெனுக்களைத் தமிழிலும் வைத்துக்கொள்ளலாம். இது நேற்று முளைத்ததும் இல்லை. ஜெர்மனியில் உருவான ஸ்டார் ஒபிஸை 1999 இல் சன் நிறுவனம் வாங்கி, அடுத்த வருடம் அதன் மூல நிரலைத் திறந்துவிட்டது. அதிலிருந்து ஓப்பன் ஒபிஸ் வந்தது. சன் நிறுவனம் ஓரக்கிள் கைக்குப் போனபின், 2010 இல் அதில் வேலை செய்த பலர் பிரிந்து வந்து தொடங்கியதுதான் லிப்ரே ஒபிஸ். கம்பனி கை மாறினாலும் நிரல் எல்லாருடைய கையிலும் இருந்தபடியால் வேலை நிற்கவில்லை. அது சேமிக்கிற ஓடிஎப் வடிவம் 2006 இலேயே ஐஎஸ்ஓ தரமாகிவிட்டது. பத்து வருடம் கழித்தும் உங்கட பைலைத் திறக்க ஏதோ ஒரு மென்பொருள் இருக்கும் என்று நம்பலாம்.

“எல்லாம் சரி, ரீச்சர் பவர்பொயின்ட்தான் கேக்கிறா.” இந்த மறுப்பு நியாயமானது. பரசிற்றமோலைப் பனடோல் என்று சொல்லுகிற நாடு இது. 1987 இல் மக்கின்டொஷ் கணினிக்காக ஒரு சின்னக் கம்பனி செய்து, அதே வருடம் மைக்ரோசொப்ட் 14 மில்லியன் டொலருக்கு வாங்கின ஒரு மென்பொருளின் பெயர், இன்றைக்கு அந்த வேலைக்கே பெயராகிவிட்டது. ரீச்சர் கேட்கிறது அநேகமாகப் பிபிடிஎக்ஸ் பைல் ஒன்றை. இம்ப்ரெஸ் அந்த வடிவத்தில் சேமிக்கும். ‘சேவ் அஸ்’ போய் மாற்றலாம், செட்டிங்கில் ஒரேயடியாகவும் மாற்றி விடலாம்.

ஆனால் உள்ளதையும் சொல்ல வேண்டும். இம்ப்ரெஸில் செய்ததைப் பவர்பொயின்ட்டில் திறந்தால் எல்லாம் அச்சொட்டாக வராது. அனிமேசன் சில மாறும். எழுத்து ஒரு வரி கீழே இறங்கி படத்துக்கு மேல் ஏறி நிற்கும். மைக்ரோசொப்டின் கலிப்ரி எழுத்துருவுக்குப் பதிலாக அதே அகலத்தில் கார்லிட்டோ என்ற ஒன்றை லிப்ரே ஒபிஸ் வைத்திருப்பதால் ஆங்கில ஸ்லைட்டுகள் ஓரளவு தப்பும். தமிழுக்கு அந்த உத்தரவாதம் இல்லை. தோற்றமும் பவர்பொயின்ட் அளவுக்குப் பளபளப்பு இல்லை. டிசைன் வேலையைத் தொழிலாக எடுக்கப் போகிறவர், கட்டாயம் பவர்பொயின்ட் கேட்கிற ஒபிஸில் வேலை செய்கிறவர், காசு கொடுத்து அதையே வாங்கட்டும். அது சரியான செலவு.

எந்த மென்பொருள் என்றாலும் தமிழில் செய்கிறவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டியது எழுத்துரு. பாமினியில் நாங்கள் தட்டுவது உண்மையில் ஆங்கில எழுத்து. அதன்மேல் தமிழ் உருவம் ஒட்டியிருக்கு, அவ்வளவுதான். எழுத்துரு இல்லாத மெசினில் முகமூடி கழன்றுவிடும். யுனிகோடில் தட்டினால் எழுத்துரு மாறினாலும் தமிழ் தமிழாகவே நிற்கும். அதிலும் லதாவை நம்ப வேண்டாம். விண்டோஸ் 10 இலிருந்து அது எல்லா மெசினிலும் தானாக இருப்பதில்லை. நிர்மலா இருக்கும். இல்லாவிட்டால் இலவசமான நோட்டோ தமிழைப் போட்டு, பைலுக்குள்ளேயே எழுத்துருவைப் பதித்துவிடுங்கோ. இம்ப்ரெஸிலும் விண்டோஸ் பவர்பொயின்ட்டிலும் அந்த வசதி உண்டு. கடைசியில், எதில் செய்தாலும் ஒரு பிடிஎப் எடுத்துப் பென் டிரைவில் வையுங்கோ. அனிமேசன் போகும், ஆனால் எழுத்தும் படமும் வைத்த இடத்தில் இருக்கும். ஏலுமென்றால் ஒரு நாள் முன்னதாகப் போய் அந்த ஹோலின் மெசினிலேயே திறந்து பாருங்கோ.

வீட்டுக் கணினி ஒரு ஆளுடையது இல்லை என்பதையும் மறக்கக் கூடாது. தங்கச்சிக்கு ஓ லெவல் ஐசிடி, அண்ணாவுக்கு இன்டர்வியூ, அப்பாவுக்குச் சனசமூக நிலையத்தின் கூட்ட அறிக்கை, அம்மம்மாவின் ஆண்டுத் திவசத்துக்கு ஓடவிடப் படங்கள். இவர்கள் எல்லாருக்கும் ஒரே மாதிரி நாளைக்கும் திறக்கிற ஒன்றுதான் வீட்டுக்கு வேண்டும். ஆளுக்கொரு யூசர் கணக்கும் போட்டுவிட்டால், தம்பி விளையாட்டு இறக்கப் போய் அக்காவின் பைல் அழிகிற சண்டையும் குறையும்.

அடுத்த முறை உங்கட வீட்டுக்கோ சொந்தக்காரர் வீட்டுக்கோ லப்டொப் வாங்கப் போகும்போது கூடப் போங்கோ. கடை அண்ணா அந்த வசனத்தைச் சொல்லும்போது, “வேண்டாம் அண்ணா, ஒபிஸ் நாங்கள் போட்டுக்கொள்ளுறம்” என்று சொல்லுங்கோ. அவர் ஒரு மாதிரிப் பார்ப்பார். பரவாயில்லை. எங்கட சிநேகிதி தன் வீட்டு மெசினைத் துடைத்து, எல்லாவற்றையும் புதிதாகப் போட எடுத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரம். இப்போது அவளுடைய அப்பா நிலையத்து அறிக்கையைத் தானே தட்டுகிறார். பவர்பொயின்ட் எங்கே போனது என்று இதுவரைக்கும் அவர் கேட்கவில்லை.