"படிக்காட்டி கம்மாலைக்குத்தான் போகணும்!"



இந்த வசனத்தை வகுப்பறையில் நானும் சொல்லியிருக்கிறேன். கணக்கு வராத பிள்ளையைப் பார்த்து, கோபத்தில். இனிச் சொல்ல மாட்டேன். காரணத்தைக் கொஞ்சம் வாசியுங்கள்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன் உழ்ஹிய்யாக் கத்தி தீட்ட, பக்கத்துத் தமிழ்க் கிராமத்துக் கம்மாலைக்குப் போயிருந்தேன். வேலையைப் பார்த்துக்கொண்டு நின்றவன், "அண்ணன், ஒரு சின்னக் கத்தி நானே அடிச்சுப் பார்க்கட்டா?" என்று கேட்டுவிட்டேன். சிரித்தார். "பெருநாள் முடிய வாங்க சேர், இப்ப கை ஓயாது" என்றார். போனேன்.

பழைய லொறி ஸ்பிரிங் தகட்டில் ஒரு சாண் துண்டு. சிரட்டைக்கரி உலை. இரும்பு செம்மஞ்சளாக வரும்போது அடிக்க வேண்டும். மங்கிய சிவப்பாகிய பிறகும் அடித்தால் வெடிக்கும். வெள்ளையாகிப் பொறி பறந்தால் எரிந்துவிட்டது, உதவாது. கம்மாலை ஏன் இருட்டாக இருக்கிறது என்று அன்றுதான் விளங்கியது. வெயில் வெளிச்சத்தில் இந்த நிறங்கள் சரியாகத் தெரியாது.

வெட்டும் பக்கத்தை மெலிதாக்க அடித்தேன். கத்தி வாழைப்பழம் போல வளைந்துவிட்டது. அடிபடும் பக்கம் நீளுமாம். "வளையும் எண்டு தெரியும்தானே சேர், முதல்லயே மற்றப் பக்கம் வளைச்சிட்டு அடிக்கணும்" என்றார்.

பிறகு தோய்ச்சல். சுமார் 770 பாகை செல்சியஸில் இரும்பு காந்தத்தில் ஒட்டாது என்பது நான் படித்தது. அதற்குச் சற்று மேலான சூட்டை அவர் கண்ணாலேயே பிடித்து, எண்ணெயில் அமிழ்த்தினார். அப்படியே விட்டால் கண்ணாடி போல உடையும் என்று, வைக்கோல் நிறம் வரும்வரை மெல்லச் சூடாக்கினார்.

மூன்று மணித்தியாலம். என் கையில் இரண்டு கொப்புளம். கத்தி கோணல்தான், ஆனால் வெங்காயம் வெட்டுகிறது.

இதில் எது படிக்காதவன் வேலை? விஞ்ஞானமும் கணக்கும் பொறுமையும் ஒன்றாகத் தேவைப்படும் வேலை இது. சமனலவெவப் பக்கம் 7ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரை பருவக்காற்றையே துருத்தியாக்கி உருக்கு எடுத்த நாடு நம்முடையது. அல்லாஹ் இரும்பை மென்மையாக்கிக் கொடுத்தது தாவூத் நபி (அலை) அவர்களுக்கு. பயானில் அதைக் கேட்டுவிட்டு வந்து, இரும்படிப்பதைத் தண்டனையாகச் சொல்கிறோம்.

"மகன்மார் பழகல்லியா அண்ணன்?" என்று கேட்டேன். "கொல்லன்ட மகன் எண்டு பள்ளிக்கூடத்தில கூப்பிட்டாங்க சேர். பிறகு ரெண்டு பேரும் இந்தப் பக்கமே வரல்ல" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. கூப்பிட்டது என்னைப் போல ஒரு ஆசிரியராகவும் இருக்கலாம்.

"அப்படியென்றால் உங்கட மகன அனுப்புவீங்களா சேர்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அவன் விரும்பினால் தடுக்க மாட்டேன். எல்லாரும் கொல்லராக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு 2013இல் வந்தது. இன்னும் அதை வேறு வழியில்லாதவர்களின் பிரிவாகவே பார்க்கிறோம். பாடத்திட்டம் மாறினாலும் நம் வாய் மாறவில்லை.

ஆசிரியர்களே, பெற்றோரே, அந்த ஒரு வசனத்தை விட்டுவிடுவோம். வருடத்தில் ஒருநாள் பிள்ளைகளைக் கம்மாலைக்குக் கூட்டிப் போவோம். அடுத்த பெருநாளுக்குக் கத்தி தீட்டும்போது ஐம்பது ரூபாய்க்குப் பேரம் பேசாமல் கொடுப்போம்.

நம் பிள்ளைகளின் கைகளில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக.