ஃப்ரீசரில் பனி மலையா? கத்தியை எடுக்காதீங்க!

ஃப்ரீசரில் ஐஸ் கெட்டியாகக் கட்டினால் 'நல்லா கூலிங் ஆகுது' என்று சந்தோஷப்படுபவர்கள் உண்டு. விஷயம் நேர்மாறானது. வெளிக்காற்றின் ஈரம் உள்ளே புகுந்து உறைந்ததுதான் அந்த ஐஸ். அது கனமானால் குளிர் பொருட்களைச் சேராது. கம்ப்ரஸர் ஓயாமல் ஓடும், கரன்ட் பில் எகிறும்.

பீரோ மாதிரி நிற்கும் ஃப்ரீசரில் இந்தத் தொல்லை அதிகம். கதவைத் திறந்ததும் குளிர்காற்று கீழே கொட்டிப்போக, அந்த இடத்தை ஈரக்காற்று பிடித்துக்கொள்ளும்.

முதலில் கதவு ரப்பரைப் பாருங்கள். பத்து ரூபாய் நோட்டை இடுக்கில் வைத்து மூடி, இழுங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் காற்று புகுவது அங்கேதான். அழுக்கென்றால் சோப்புத் தண்ணீர் போதும். கிழிசல் என்றால் மாற்ற வேண்டியதுதான்.

ஐஸைப் பெயர்க்கக் கத்தியும் ஸ்க்ரூடிரைவரும் கூடவே கூடாது. பல மாடல்களில் தட்டுகளிலேயே கூலிங் குழாய் ஓடுகிறது. ஒரே குத்தில் கேஸ் போய்விடும். பணம் போவது மட்டுமல்ல. இப்போதைய மாடல்கள் பலவற்றில் இருக்கும் ஆர்600ஏ, தீப்பற்றக்கூடிய ஐசோபியூட்டேன். குத்திவிட்டு 'உஸ்' சத்தம் கேட்டால் அடுப்பை அணைத்து, ஜன்னலைத் திறங்கள். எந்த ஸ்விட்சையும் தொடாமல் வெளியே வந்துவிடுங்கள்.

கால் இஞ்ச் ஐஸ் சேர்ந்ததுமே பிளக்கைக் கழற்றி, பொருட்களைப் பக்கத்து வீட்டு ஃப்ரீசருக்கு மாற்றி, உள்ளே ஒரு பாத்திரம் வெந்நீர் வையுங்கள். ஐஸ் தானே கழன்று விழும். ஈரம் போகத் துடைத்து, மைனஸ் 18 டிகிரிக்கு வந்தபிறகே பொருட்களை அடுக்குங்கள்.