பத்திரத்தில் இல்லாத கடல்

“கடல் எங்கம்மா போயிடப் போகுது?” என்றார் அப்பா.

சென்ற மாதம் ஈசூனிலிருந்து புக்கிட் பாஞ்சாங்கில் உள்ள எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தவர், கைபேசியை என் பக்கம் தள்ளினார். தரங்கம்பாடிக்குப் பக்கத்தில் ஒரு மனை. காணொளியில் தென்னை, மணல், நீலக்கடல். ‘கடலிலிருந்து 150 மீட்டர்’ என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். மாதக் கடைசிக்குள் முன்பணம் கட்ட வேண்டுமாம். அவர் கொடுக்க நினைத்த தொகை, ஓய்வுபெற்ற பிறகு கையில் இருந்த சேமிப்பில் பாதிக்கு மேல்.

ஆசை எனக்கும் புரிகிறது. புக்கிட் பாஞ்சாங் என்றால் மலாய் மொழியில் நீண்ட குன்று. கடலுக்கும் எங்களுக்கும் வெகுதூரம். இங்கே ஓடும் எல்ஆர்டி ரயிலின் சன்னல்கள்கூட அடுக்குமாடிகளை நெருங்கும்போது தாமாகவே மங்கிவிடும். அக்கம்பக்கத்து வீடுகளின் அந்தரங்கத்துக்காக அப்படி ஓர் ஏற்பாடு. இப்படி வாழ்கிறவர்களிடம் ஒருவர் கடலைக் காட்டினால் மனம் அசையத்தான் செய்யும்.

அப்பாவுக்கு இன்னொரு காரணமும் உண்டு. “இங்க வீவக வீடு 99 வருஷக் குத்தகை. அங்க பட்டா நம்ம பேர்ல, காலத்துக்கும்” என்றார். கடலைவிட அந்தக் ‘காலத்துக்கும்’ என்ற சொல்தான் அவரை இழுக்கிறது என்று எனக்குப் பட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரை மரின் பரேடுக்கு அழைத்துப் போனேன். டவுன்டவுன் பாதையில் ஏறி, ஸ்டீவன்சில் மாறினால் நேராகப் போய்விடலாம். ஈஸ்ட் கோஸ்ட் ரோட்டில் நின்று, “ஒரு காலத்துல அலை இங்க பக்கத்துல அடிச்சுதுப்பா” என்றேன். காத்தோங்கில் பங்களா கட்டியவர்கள் கடலைப் பார்த்துத்தான் கட்டினார்கள். 1966ல் கடலைத் தூர்க்கும் பணி தொடங்கியது. மரின் பரேடு அடுக்குமாடிகளும் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவும் வந்தது அந்தப் புது நிலத்தில்தான். பங்களாக்காரர்களின் பத்திரத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை. கடல் மட்டும் தள்ளிப் போய்விட்டது.

இன்று பூங்காவை ஒட்டிய மாடியிலிருந்து கடல் பார்க்கிறவர்களுக்கும் காட்சி இப்படியே இருக்காது. உயரும் கடல்மட்டத்திலிருந்து காக்க, ஏறத்தாழ 800 ஹெக்டர் பரப்பில் ‘லாங் ஐலண்ட்’ அமைக்கும் திட்டத்தை அரசாங்கம் 2023 நவம்பரில் அறிவித்தது. நாட்டுக்கு அது தேவை. ஆனால் கடல் பார்த்த வீடு என்று கூடுதல் விலை கொடுத்தவர் யோசிக்கத்தான் வேண்டும்.

இங்கே கடல் தள்ளிப் போனது. தரங்கம்பாடியில் அது உள்ளே வந்தது. டேனிஷ்காரர்கள் 1620ல் கோட்டை கட்டுவதற்கும் முன்பே, 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அங்கே மாசிலாமணிநாதர் கோயில் எழுந்தது. அந்தப் பழைய கட்டுமானத்தின் பெரும்பகுதியை அலை கொண்டுவிட்டது. கோயிலுக்கே அந்த நிலை என்றால் நம் பட்டா எந்த மூலைக்கு? பக்கத்தில்தான் பூம்புகார். தமிழில் இதற்கென்றே ‘கடல்கோள்’ என்று ஒரு சொல் இருக்கிறதே. 2004 டிசம்பர் 26 சுனாமியில், அன்று தரங்கம்பாடியையும் சேர்த்திருந்த நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் அதிகமானோர் இறந்தார்கள்.

அப்பாவைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. அந்தக் கரையில் இன்றும் மக்கள் வாழ்கிறார்கள், மீன் பிடிக்கிறார்கள். ஆனால் அவர்கள் அங்கேயே இருக்கிறார்கள். உப்புக்காற்றில் சன்னல் கம்பி துருப்பிடித்தால் அன்றே தெரியும். கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரித்தால் மறுநாளே வேறு வழி தேடுவார்கள். ஆண்டுக்கு இரண்டு வாரம் போகிற நமக்கு, கதவைத் திறக்கும்போதுதான் எல்லாம் தெரியவரும்.

சட்டமும் இருக்கிறது. 1991லிருந்து இந்தியாவில் கடலோர ஒழுங்குமுறை விதிகள் நடப்பில் உள்ளன. உயர் அலைக்கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை அவை பொருந்தும். காணொளியில் பெருமையாகப் போட்ட அந்த 150 மீட்டர்தான் நாம் முதலில் கேள்வி கேட்க வேண்டிய இடம். அங்கே வீடு கட்ட அனுமதி உண்டா? நம்மைப் போன்ற வெளிநாட்டுக் குடிமக்கள் ஓசிஐ அட்டை இருந்தால் வீடு வாங்கலாம். விவசாய நிலமோ பண்ணை வீடோ வாங்க முடியாது. மனை என்று விற்பது ஆவணத்தில் என்னவாக இருக்கிறது? மத்திய சேமநிதிப் பணத்தை வெளிநாட்டுச் சொத்துக்கு எடுக்க முடியாது. வீட்டில் என் பெயரையும் சேர்க்க அப்பா நினைத்தார். எங்கள் வீவக வீட்டில் ஐந்தாண்டுக் குறைந்தபட்சக் குடியிருப்புக் காலம் இன்னும் முடியவில்லை. அதுவரை உள்ளூரிலோ வெளிநாட்டிலோ நான் தனியார் வீடு வாங்கக்கூடாது.

ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் உட்கார்ந்து இதையெல்லாம் சொன்னேன். அப்பா கப்பல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, “அப்ப வேணாங்கிறியா?” என்றார்.

“வேணாம்னு சொல்லலப்பா. இந்த ஐப்பசி, கார்த்திகையில ஒரு மாசம் அங்க வாடகைக்கு இருந்து பாருங்க. மழையில கடல் எப்படி இருக்குன்னு தெரியும். அப்பவும் பிடிச்சிருந்தா, வக்கீல்கிட்ட ஆவணத்தைக் காட்டிட்டு முடிவெடுப்போம்” என்றேன்.

மாதக் கடைசி வந்து போனது. முன்பணம் கட்டவில்லை. மனைக்காரர் இன்னும் இரண்டு முறை அழைத்தார்; விலையைக் கொஞ்சம் குறைக்கிறாராம். அப்பா நவம்பருக்கு விமானச்சீட்டு எடுத்துவிட்டார். ஒரு மாதத்துக்குச் சின்ன வீடு பார்த்தாயிற்று. கடற்கரையிலிருந்து பத்து நிமிட நடையாம்.

“கிட்ட கிடைக்கலையாப்பா?” என்று கேட்டேன்.

“கிடைச்சுது. போதும்மா, நடந்து போய்ப் பாத்துக்கறேன்” என்றார்.