சிகரத்திற்கு முந்தைய இரவு

வேப்பம்பட்டில் மின்ரயிலேறிக் கல்லூரிக்கு வரும் நமக்கு எவரெஸ்ட் என்றதும் நினைவில் எழுவது உச்சியில் பறக்கும் கொடிதான். அதற்கு முந்தைய இரவை யார் எண்ணிப் பார்க்கிறோம்?

ஏறத்தாழ 7,900 மீட்டர் உயரத்தில், தெற்குக் கணவாயில் கூடாரம். பனியை உருக்கினால்தான் குடிநீர், அதற்கே மணிக்கணக்காகும். உருளைகளில் பிராணவாயு எத்தனை மணி நேரத்திற்கு வரும் என்று கணக்கிட வேண்டும். நள்ளிரவை ஒட்டிப் புறப்பாடு. உறக்கமா? அது பெயரளவுக்குத்தான்!

இவற்றினும் அரிய ஆயத்தம் ஒன்று உண்டு என்பேன். எத்தனை மணிக்குள் உச்சியை எட்டாவிட்டால் திரும்புவது என்று கீழேயே உறுதி செய்துகொள்வதுதான் அது. உச்சி கண்ணெதிரே தெரிய, பிராணவாயுக் குறைவால் அறிவு மயங்கும் வேளையில் எடுக்கும் முடிவை நம்புவதற்கில்லை.

1960இல் நவாங் கோம்பு, சோனம் கியாட்சோ, நரேந்திர குமார் மூவரும் உச்சிக்குச் சுமார் 200 மீட்டர் கீழே, கடுங்காற்றில் திரும்பினர். 1962இல் கோலி, கியாட்சோ, ஹரி டாங் ஆகியோர் இன்னும் நெருங்கிச் சென்றும் திரும்பினர். இவற்றைத் தோல்விகள் என்று ஒரு வரியில் தள்ளிவிடும் நூல்களோடு எனக்கு உடன்பாடில்லை.

திரும்பி வந்த அதே கோம்பு 1963இல் அமெரிக்கக் குழுவினருடன் உச்சியை எட்டினார். கோலி தலைமையில் சென்ற இந்தியக் குழுவில் 1965 மே 20 அன்று மீண்டும் ஏறி, எவரெஸ்டை இருமுறை தொட்ட முதல் மனிதரானார். இரண்டு நாள் கழித்துக் கியாட்சோவும் ஏறினார்.