அவன் குடித்துவிட்டு ஆடவில்லை

நாட்றாம்பாளையத்திலிருந்து உங்கள் வாத்தியார். கொஞ்சம் கோபமாகத்தான் எழுதுகிறேன்.

என்னிடம் படித்த பையன் ஒருவன் ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போய், அங்கிருந்து ஜப்பானுக்குப் போனான். 2024 ஜனவரி 1, சாயங்காலம் நாலு மணி தாண்டி நோட்டோ தீபகற்பத்தில் 7.6 அளவு நிலநடுக்கம் வந்தபோது பக்கத்து தொயாமாவில் இருந்தான். உடம்பில் கீறல்கூட இல்லை. லீவில் ஊருக்கு வந்தவன் திண்ணையில் உட்கார்ந்தால் தூணைப் பிடிக்கிறான். "சார், தரை ஆடுதா பாருங்க" என்று தம்ளர் தண்ணீரையே பார்க்கிறான்.

ஊர் என்ன சொன்னது? தண்ணி போட்டிருக்கிறான் என்றது. காத்து கருப்பு என்று எலுமிச்சம்பழம் சுற்றியது. நம் சொந்தக்காரர் ஒருவர் பெண் வீட்டுக்கே போன் போட்டு "பையனுக்குப் புத்தி சரியில்லை" என்று சொல்லிவிட்டார். பேச்சு நின்றுபோனது. நானும் முதல் நாள் சிரித்தவன்தான், மறைக்கவில்லை.

ஜப்பான்காரர்கள் இதற்குப் பேரே வைத்திருக்கிறார்கள்: ஜிஷின் யோய், அதாவது நிலநடுக்கக் கிறுகிறுப்பு. 2011 மார்ச் 11 பேரதிர்வுக்குப் பிறகும், 2016 குமமோட்டோவுக்குப் பிறகும் காது மூக்கு தொண்டை டாக்டர்கள் இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். ஒகேனக்கல்லில் பரிசலை விட்டு இறங்கியதும் பாறை ஆடுகிற மாதிரி இருக்குமே, அது யாருக்குத் தெரியாது? நாம் சாயாமல் நிற்பது காதுக்குள் இருக்கும் திரவம், கண், பாதம் மூன்றும் மூளைக்குச் சொல்லும் சேதியால். பெரிய அதிர்வுக்குப் பின் வாரக்கணக்கில் சின்னச் சின்ன அதிர்வு வந்துகொண்டே இருந்தால், மூளை அடுத்த ஆட்டத்துக்குக் காத்துக் கிடக்கிறது. பயமும் தூக்கமின்மையும் அதைக் கூட்டுகின்றன. தரை நின்றாலும் உடம்பு நிற்பதில்லை. பயம் சேர்ந்திருப்பதால் அது பொய்யாகிவிடுமா? ரத்த அழுத்தம்கூட பயத்தில் ஏறுகிறது, அதை யாராவது நடிப்பு என்கிறோமா?

எல்லாத் தலைச்சுற்றலும் இதுதான் என்று நான் சொல்லவில்லை. சர்க்கரை, அழுத்தம், காதுக்குள் இருக்கும் நுண்கல் இடம் மாறுவது என்று காரணம் பல. வாய் கோணினாலோ பேச்சுக் குழறினாலோ அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அதனால்தான் டாக்டரிடம் போ என்கிறேன், பூசாரியிடம் அல்ல. தூக்க மாத்திரையைத் தானாக வாங்கிப் போட்டுக்கொண்டு படுத்தே கிடந்தால் மூளை சமநிலையைத் திரும்பப் பழகுவது தள்ளித்தான் போகும். டாக்டர் சொல்லும் பயிற்சியும் நடையும் உதவும். தினமும் காலையில் அவனை அஞ்செட்டி ரோட்டில் நடக்க நான் கூட்டிப் போகிறேன். நேற்று தூணைப் பிடிக்காமல் காபி குடித்தான்.

போன் போட்டவர் யாரென்று எனக்குத் தெரியும். அவரும் இதைப் படிப்பார். பெண் வீட்டுக்கு அவரே மறுபடியும் போன் போடட்டும். ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் பார்ப்பேன். இல்லையென்றால் நானே பஸ் ஏறிப் போய் அவர்களிடம் பேசுவேன்.